பிழை விட்டால் பணிஸ் குரங்குக்கு

சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் மேல்மாடியில் தமிழ் படிக்க, கீழே குசினிப் பக்கத்து மேசையில் தேத்தண்ணியோடு குந்தியிருக்கிற என் வயதுக்காரர்களே, ஆண்டு மலருக்கு நீங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ஒருவர் நோர்வேக்கு வந்து முதல்முதல் பனியில் சறுக்கி விழுந்ததை எழுதினார். ஒருவர் மீன் தொழிற்சாலையில் கை விறைத்ததை எழுதினார். நான் மட்டும்தான் மிச்சம். அந்த மேசையில் நான் வாய் திறப்பது சீனி கேட்பதற்கு மட்டும்தான் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். உண்மைதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளை மலர் போடுகிறவர் திருத்தட்டும். ஆனால் ஒன்றையும் வெட்ட வேண்டாம். இதை என் மனைவி வாசிப்பாள். முப்பது வருடமாக அவளுக்குச் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். லில்லெஸ்ட்ரோமிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். லோறென்ஸ்கூக்கிலிருந்து மச்சாள் வந்திருந்தா. மச்சாள் என்றால் என் மனைவியின் தமக்கை. வாசலில் சப்பாத்துகளிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். மகள் குடும்பம் இந்த வின்டர்ஃபெரி லீவுக்குத் தென்னாபிரிக்கா போகிறது. தங்கப்போகிற இடத்துக்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். அங்கே பபூன் என்கிற, நாய் மூஞ்சியுள்ள பெரிய குரங்குகள் வீட்டு வாசலுக்கே வருமாம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. மகள் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள்.

"கண்ணுக்கை பாக்கக் கூடாது. பல்லுத் தெரியச் சிரிக்கக் கூடாது. ஓடக் கூடாது. சாப்பாட்டைப் பறிக்க வந்தா இழுத்துப் பிடிக்காமல் விட்டிடவேணும்."

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தா. அவவின் வலது கை மோதிர விரலுக்கு நுனி இல்லை. நகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மடித்துத் தைத்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் நாய் கடித்தது என்றுதான் என் மனைவிக்குத் தெரியும். மச்சாளும் தாயும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நாய் இல்லை. கடித்தபோது நான் அருகில் நின்றேன்.

திருகோணமலைக்கு வெளியே, மலைக் காட்டின் ஓரமாக இருந்த பள்ளிக்கூடம் அது. நானும் அவவும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். அந்த வருடம் வெயில் மோசம். குளம் வற்றிக் குரங்குகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. எங்கள் பக்கத்துக் குரங்கு பெரிதில்லை. சிவந்த மூஞ்சி, உச்சியில் வகிடு பிரித்துச் சீவினது போல மயிர். பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுக்கிற பணிஸ் என்ற பன்னோடு பணிஸ்காரர் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். பெட்டியைத் திறந்தால் புளித்த மாவும் சீனியும் கலந்த சூடான வாசம் வரும். எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் காலைச் சாப்பாடு. அந்த வாசம் மதிலுக்கு வெளியேயும் போனது.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தோளைக் குரங்கு கீறிவிட்டது. அதிபர் கவலைப்பட்டார். அவர் நல்ல மனிதர் என்று இன்றைக்கும் சொல்லுவேன். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தவர், வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாது. எதையும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினார். கரும்பலகையில் நான்கு விதி எழுதினார். கண்ணைப் பார்க்காதே. பல்லைக் காட்டாதே. ஓடாதே, சத்தமும் போடாதே. கையில் இருப்பதைக் கீழே போடு. நீங்கள் நம்பமாட்டீர்கள், மகள் வாசித்த கடிதத்தில் இருந்ததும் இதேதான். அதிபர் பிழையாக எதையும் எழுதவில்லை.

"வெறும் வாயால சொன்னாப் போதாது, பழக்க வேணும்" என்றார். "ஒரு குரங்கு வேணும்."

எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசி வாங்கில் இருந்த என்னிடம் கண் நின்றது.

"நீ வா. நீ ஒரு நாளும் சிரிக்கிறதில்லை. இவங்களைப் பாத்துப் பல்லிளிக்க மாட்டாய். நல்ல குரங்கு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் உள்ளுக்குள் சந்தோசம். அதுவரை என்னை யாரும் முன்னுக்குக் கூப்பிட்டதில்லை. சங்கீத ரீச்சர் ஒரு சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டுவிட்டா. தும்புக் கயிற்றில் வால். முகத்தில் அடுப்புக் கரி. அந்தச் சாக்கில் பழைய அரிசித் தவிட்டு மணமும் எலி மூத்திர மணமும் இருந்தது. போட்டுக் கழற்றினால் கழுத்தெல்லாம் சிவந்து கடிக்கும்.

தினமும் பணிஸ் கொடுத்ததும் பிள்ளைகள் வெளியில் வரிசையாக நிற்க வேண்டும். நான் மதிலடியிலிருந்து வருவேன். யார் நான்கு விதியையும் சரியாகச் செய்கிறார்களோ அவர்கள் போட்ட பணிசை அவர்களே தட்டி எடுத்துத் தின்னலாம். யார் சிரிக்கிறார்களோ, ஓடுகிறார்களோ, என்னைப் பார்க்கிறார்களோ, அவர்களின் பணிஸ் எனக்கு. அதிபர் போட்ட சட்டம் அது. "பிழை விட்டால் பணிஸ் குரங்குக்கு" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள். அப்படிச் செய்தால்தான் பயம் வரும், பாடம் மனதில் நிற்கும் என்று அவர் நினைத்தார். எனக்கு வீட்டில் என்ன பசி என்று அவருக்குத் தெரியாது.

நான் குரங்குகளைப் பார்த்துப் பழகினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பாலை மரத்தடியில் இருந்து பார்ப்பேன். அது முதலில் புருவத்தைத் தூக்கும். பிறகு தோளைத் தாழ்த்தும். நிலத்தில் உள்ளங்கையால் ஒரு அடி. பிறகுதான் பாய்ச்சல். நான் அதையெல்லாம் அப்படியே செய்தேன். மூன்று நாளில் சின்னப் பிள்ளைகள் என்னைக் கண்டு மூத்திரம் விட்டார்கள். அதிபர் என் முதுகில் தட்டினார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். பணிஸ்காரரின் மகன், நான் வாலைத் தூக்கினால் சிரிப்பான். கடைக்காரரின் பிள்ளை, காலில் கை பட்டால் ஓடும். தகப்பன் இல்லாத ஒரு பொடியன் இருந்தான். அவன் காதுக்குள், "கொப்பர் வாறார்" என்று மெல்லச் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பான். அதையும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். ஒரு நாளில் நாலு பணிஸ் தின்றிருக்கிறேன்.

அவ மட்டும் அகப்படவில்லை. மச்சாளைத்தான் சொல்கிறேன். இரட்டைப் பின்னல், மெலிந்த பிள்ளை. இரண்டு கிழமை எல்லாக் குரங்கு வித்தையும் காட்டினேன். அவ நிலத்தைப் பார்த்தபடி நிற்பா. சிரிப்பில்லை, அசைவில்லை. பணிசைப் போடுவா, நான் போனதும் எடுத்துத் தின்பா. ஆனால் அவ போடுகிற பணிஸ் எப்போதும் பாதியாகத்தான் இருக்கும். "வரிசைக்கு வர முந்தியே பாதியைத் திண்டிட்டன்" என்று சொல்லிவிடுவா.

ஒருநாள் அவவின் காலடியில் குந்தியிருந்தபோது எறும்பைக் கண்டேன். வெள்ளைச் சட்டையின் இடுப்பு மடிப்பில் மூன்று நாலு சிவப்பெறும்பு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் கையை விட்டேன். உள்பக்கம் துணிப்பை தைத்திருந்தது. மிச்சப் பாதிப் பணிசை இழுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன்.

பள்ளிக்கூடமே கத்திச் சிரித்தது.

அதிபர் சிரிக்கவில்லை. "கள்ளி" என்றார். "உண்மையான குரங்கெண்டா வயித்தைக் கிழிச்சிருக்கும். மணம் பிடிச்சு வரும், தெரியுமோ?" அன்றைக்கு ஐந்தாவது விதி வந்தது. எதையும் ஒளிக்காதே. அவவைப் பள்ளிக்கூடம் விடும்வரை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினார். பாதிப் பணிஸ் சட்டப்படி எனக்கு.

நான் அதை வாங்கின் கீழே குந்தியிருந்து தின்றேன். வெறுமனே தின்னவில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று, குரங்கு தின்பதுபோல மணந்து பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துத் தின்றேன். அந்தக் காலம் முழுக்க எனக்குக் கிடைத்த சிரிப்பில் அதுதான் பெரிய சிரிப்பு. அவ குனிந்து ஒன்று சொன்னா. எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அது தங்கச்சிக்கு."

வாய் நிறையப் பணிஸ் இருந்தது. நான் விழுங்கினேன்.

தங்கச்சிக்கு அப்போது மூன்று வயது. அந்தத் தங்கச்சிதான் என் மனைவி.

இனி நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நாங்கள் முற்றத்தில் பழகியதையெல்லாம் மதிலில் இருந்து உண்மையான குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், யாராவது பாய்ந்து வந்தால் பணிசைக் கீழே போட்டுவிட்டு நிலத்தைப் பார்ப்பார்கள். இதைப் படிக்கக் குரங்குக்கு ஐந்தாம் வகுப்புத் தேவையில்லை. முதலில் இரண்டு வந்தன. ஒரு கிழமையில் இருபது வந்தன. பிள்ளைகள் அச்சாவாகப் பணிசைப் போட்டார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. அதிபர் அதைத்தான் பார்த்தார். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குத் திரும்புவதை அவர் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் பணிஸ் தின்றது குரங்குகளும் நானும்தான்.

பாடத்தைப் பார்க்க வட்டாரக் கல்வி அதிகாரி வந்தார். அன்றைக்குச் சீனி தூவின பணிஸ். வருடத்தில் ஒருதரம்தான் அது வரும். மேலே ஒட்டியிருந்த சீனி வெயிலில் மினுங்கியது. நான் சாக்கைப் போட்டுக்கொண்டு வரிசையின் நடுவில், அவவுக்குப் பக்கத்தில் ஒளித்து நின்றேன். அதிபர் கைகாட்டினதும் பாய வேண்டும் என்பது ஏற்பாடு.

அதிபர் கைகாட்ட முந்தி ஓட்டுக் கூரையிலிருந்து பெரிய கடுவன் குரங்கு ஒன்று இறங்கியது. பிள்ளைகள் பழகியபடியே செய்தார்கள். நாற்பது பணிஸ் மண்ணில் விழுந்தது. நாற்பது தலை குனிந்தது. அதிகாரி கை தட்டினார். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்.

கடுவன் வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து, மணந்து, கடித்து எறிந்துகொண்டு வந்தது. அவவிடம் வந்து நின்றது. அவ பணிசைப் போடவில்லை. ஒளிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தா. தங்கச்சி சீனிப் பணிசைக் கண்ணால் கண்டதில்லை என்று பிறகு எனக்கு விளங்கியது.

"டேய், கலையடா அதை" என்றா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஐந்து விதி இருந்தது. அசையக் கூடாது, நிமிரக் கூடாது, சத்தம் போடக் கூடாது. குரங்குக்கு ஒரு விதியும் எழுதியிருக்கவில்லை. அந்த முற்றத்தில் அசையக்கூடியவன் நான் ஒருவன்தான். எனக்குப் பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் இல்லை. அந்தப் பணிஸ் விழுந்தால் அதுக்கா, எனக்கா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

கடுவன் விரலைக் கடித்தது.

அவ கத்தின கத்து இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. அதைவிட மற்றப் பிள்ளைகளின் அமைதிதான் கொடுமை. நாற்பது பிள்ளைகளும் தலை குனிந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் நிமிரவில்லை. ரீச்சர்மாரும் அப்படியே நின்றார்கள். அவ்வளவு நன்றாகப் படித்திருந்தோம். கடைசியில் வெளியே நின்ற பணிஸ்காரர்தான் சைக்கிள் பம்போடு ஓடிவந்து குரங்கை அடித்துக் கலைத்தார். அவர் அந்தப் பாடத்துக்கு வந்ததில்லை.

பணிஸ் கடைசியாகத்தான் விழுந்தது. சீனியெல்லாம் இரத்தம்.

அதிகாரி பள்ளிக்கூடப் புத்தகத்தில், பிள்ளைகளின் ஒழுங்கு மிகவும் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். அதிபர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார். "ஒரு பிள்ளை நாலாம் விதியை மீறினது. பலனைக் கண்டது" என்றார். அவவின் தாய் ஆசுபத்திரியிலிருந்து நேரே கூட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தா. "ஒரு பணிசுக்கு விரலைக் குடுத்தியே, பேய்ப் பிள்ளை! இனி ஆர் உன்னைக் கட்டுவான்?" என்று அழுதழுது அடித்தா. தங்கச்சி இடுப்பில் இருந்து வேடிக்கை பார்த்தது. யாருக்காகப் பணிசைப் பிடித்து வைத்திருந்தா என்று அவ சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

ஊரவர்கள் கடுவனை வலை போட்டுப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் குரங்கைக் கொல்லமாட்டார்கள், அனுமாருக்குப் பயம். கொல்லாமல் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. தகரப் பால்பேணிக்குள் கல்லைப் போட்டுக் கழுத்தில் கம்பியால் கட்டி விட்டுவிடுவார்கள். அது தன் கூட்டத்திடம் ஓடும். பேணிச் சத்தத்துக்குக் கூட்டம் வெருண்டு ஓடும். அது துரத்திக்கொண்டு ஓட ஓடச் சத்தமும் கூடும். எங்களை வரிசையாகக் கூட்டிப்போய் அதைக் காட்டினார்கள். நாங்கள் கை தட்டினோம். ஏழெட்டு நாள் மலையைச் சுற்றிச் சுற்றி அந்தக் கடகடச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாக. பிறகு கேட்கவில்லை. இரக்கத்தால் உயிரோடு விட்டோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

அதிபர் பாடத்தை நிறுத்தினார். சாக்கும் வாலும் எங்கே போனதோ தெரியாது. ஆனால் பிள்ளைகள் நிறுத்தவில்லை. நான் கிட்டப் போனால் கையில் இருக்கிற பென்சிலோ கொப்பியோ, அதைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். அந்த வருடம் முடியும்வரை யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். ஆறாம் வகுப்புக்கு நான் போகவில்லை. தகப்பனார் காரணம் கேட்கவில்லை, அரிசி மில்லில் சேர்த்துவிட்டார். அவவின் குடும்பமும் அந்த ஊரை விட்டுப் போய்விட்டது.

ஒஸ்லோவுக்கு வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினபோது கூட வேலை செய்தவர்தான் எனக்குப் பெண் பேசினார். தன் மனைவியின் தங்கை ஊரில் இருக்கிறாள் என்றார். அந்த மனைவி யார் என்று கல்யாணத்துக்கு நாள் வைத்த பிறகுதான் நேரில் கண்டேன். அவ எனக்குத் தேத்தண்ணி நீட்டினா. விரலைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன்.

என் மனைவி ஒரு கதை பெருமையாகச் சொல்லுவாள். "மாப்பிள்ளை எப்பிடி எண்டு அம்மா கேட்டவ. அக்கா ஒரே சொல்லிலை சொன்னவ, 'எனக்குத் தெரியும், அவன் வாய் திறக்கமாட்டான்' எண்டு." நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவள் அதை ஒரு நற்சாட்சியாக நினைக்கிறாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மகள் கடிதத்தை வாசித்து முடித்தாள். மேசையில் மனைவி சுட்ட பொல்லே இருந்தது. இந்த நாட்டுப் பணிஸ். மேலே சீனி தூவியிருந்தாள். ஆறு வயதுப் பேத்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கதிரையிலிருந்து குதித்தாள்.

"பழகிப் பாப்பம்! ஆர் குரங்கு?"

"அம்மப்பாவைக் கேள்" என்று மகள் சிரித்தாள். "ஊரிலை நிறையக் குரங்கு பாத்தவர்."

நான் தலையை ஆட்டினேன். முழங்கால் நோகுது என்றேன்.

"அவரை விட்டா வேறை ஆள் இல்லை" என்றா மச்சாள். "அவருக்கு நல்லாத் தெரியும்."

முப்பது வருடத்தில் அதைப் பற்றி அவ வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. நான் எழும்பினேன். தரையில் கையை ஊன்றினேன். வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு தானாகவே செய்தது. புருவம் ஏறியது. தோள் தாழ்ந்தது. உள்ளங்கையால் தரையில் ஒரு அடி. பேத்தி வீரிட்டுக் கத்தி, பிறகு விதி ஞாபகம் வந்து, பொல்லேயைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

மச்சாள் எழும்பி வந்து பேத்திக்குப் பக்கத்தில் நின்றா. கையில் ஒரு பொல்லே. அதைப் பாதியாகப் பிய்த்தா. ஒரு பாதியைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் வைத்தா. மற்றப் பாதியை என் முன்னால் தரையில் போட்டா. ஆனால் தலையைக் குனியவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அக்கா, கண்ணைப் பாக்கக் கூடாது, பிழை!" என்று என் மனைவி மேசையிலிருந்து கூவினாள்.

"ஓம், பிழைதான்" என்றா மச்சாள். பையிலிருந்த பாதியை எடுத்து, நுனியில்லாத விரலோடு என் வாய்க்கு நேரே நீட்டினா. "பிழை விட்டால் பணிஸ் குரங்குக்கு. தின்னுங்கோ. வெறுமனே இல்லை. வடிவா, அண்டைக்குத் திண்ட மாதிரி."

பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலேயே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். மணந்து பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தேன்.

என் மனைவிதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து குனிந்தாள்.

"பாவம், பசிக்குதே? இன்னுமொண்டு தரட்டே?"

"குடு" என்றா மச்சாள். "உன்ரை பங்கையும் குடு."